கீழ்ப்பாதி மட்டும் வேணாம் பாய்

எட்டு தபா, யூசுப் பாய்! கலெக்டர் ஆபீசுல எட்டு தபா அலைய வுட்டானுங்க! கட்டிகினவர பூந்தமல்லிக்காரரா ஆக்கறதுக்கு நா படற பாடு... எங்கூட்டுக்காரு அருள்தாசு மலேசியாக்காரருன்னு தெரியும்ல? தெரியாதா? ஈப்போன்னு அங்க ஒரு ஊரு. கர்த்தரு எனக்குன்னு அங்க போய் ஒண்ண செஞ்சு வச்சிருந்தாரு.

இந்தியாக்காரரா ஆவறதுக்கு மனு போட்டுக்கீறோம். வர்ற மாசம் விசா முடியுது. அதுக்குள்ள ஃபைலு நவுரலன்னா பிளேன் ஏத்தி வுட்ருவாங்களாம். நா இங்க, அவுரு அங்க...

மொத தபா போனா, போட்டோல பின்னாடி ரோஸ் கலரா கீதுன்னான். வெள்ளையா எட்த்துகினு போனா, அந்த சாரு லீவு. அப்பால பாஸ்போர்ட்ட பாத்துட்டு, பேருக்கு நடுவுல ஏ எல்னு போட்டுக்கீதே, இன்னா இனிசியலுன்றான். இன்னாரு மவன்னு அங்க அப்டித்தான் சார் போடுவாங்கன்னா, அத்த எயுதிக் குடுன்றான்!

இன்னிக்குப் புச்சா ஒண்ணு. ஏழு வருசமா ஒரே ஊட்ல கீறாருன்னு சீலு குத்துன காயிதம் வோணுமாம். எங்க போவேன்? கரண்டு பில்லு எம் பேரு. கேஸு எம் பேரு. ஊட்டு அக்ரிமெண்ட்டு எம் பேரு. வண்டி கூட... "வெளிநாட்டான், நாளைக்கு ஓடிட்டா இன்னா பண்ணுவே, எல்லாத்தையும் ஒம் பேர்லயே வச்சுக்கோ"ன்னு எங்கம்மாதான் சொல்லிச்சு. அத்த சொல்லி இன்னா, தலைய ஆட்னது நானு. இப்ப சர்க்காரப் பொறுத்தவரிக்கும் அந்தாளு அந்த ஊட்ல இல்லவே இல்ல! மூணு வேள துன்னுகினு கீறாரு, ஆனா இல்ல!

ஊட்டுக்கு ஓடியாந்து பீரோவ கொடஞ்சதுல இந்த ஒரு காயிதம் மாட்ச்சு. அவுரு பேரு, விலாசம், ஏழு வருசத்துக்கு முந்தின தேதி, சீலு, எல்லாம் கீது. நீ இன்னா பண்ற, மேல்பாதி மட்டும் ஜெராக்ஸ் எடு. கீயப்பாதி வோணாம், ஒரு வெள்ள பேப்பர வச்சு மறச்சுரு.

இன்னா பாய், படிக்கற? படிக்காத! ...சிரிக்காத பாய்!

ஆமா, போலீஸ் ஸ்டேசன் சீலுதான். நா குட்த்த மனுதான். கல்யாணமான புச்சுல எதுக்கெட்த்தாலும் எங்க ஊர்ல, எங்க ஊர்லன்னுவாரு. குத்தம்பாக்கம் ரோட்ல வண்டி தூக்கிப் போட்டா, எங்க ஊர்ல பள்ளமே இல்ல. கொசு கட்ச்சா, எங்க ஊர்ல கொசுவே இல்ல. பொறுத்துகினேன். ஒரு நாளு, எங்க ஊர்ல நெத்திலிய இப்டி வறுக்க மாட்டாங்கன்னாரு. சுர்ருனு ஏறிச்சு பாரு! நேரா ஸ்டேசனு. "ஞானகுமாரி ஆகிய நான் கேட்டுக்கொள்வது, மேற்படி என் கணவரை உடனடியாக அவர் ஊருக்கே திருப்பி அனுப்பி வைக்கவும்." ஏட்டு சீல குத்தி எங்கைலயே ஒண்ண குட்த்து, ஊட்டுக்குப் போம்மான்ட்டாரு.

இன்னிக்குக் காலைல ஆபீசரு அவர கேக்கறான், "ஒன் சொந்த ஊரு எதுய்யா?" நா கண்ண இறுக்கி மூடிகினேன். வாயத் தொறந்தா ஈப்போதான வரும்! மன்சன் சொல்றாரு, "ஞானகுமாரி எங்க இருக்கோ, அதான் சார் எங்க ஊரு."

அயுதுட்டேன் பாய். சத்தியமா. அந்த ஆபீசரு நிமுந்து கூட பாக்கல. "அதுக்கு ப்ரூஃப் கொண்டா"ன்னான்.

...சரி வுடு. மறைக்க வோணாம், முயுசா எடு. அந்தப் பேனாவ இப்டி குடு. அடியில நா ஒரு வரி எயுதிக்கறேன், அனுப்ப வோணாம்னு.