பச்சை முடியும் இடம்

எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை. ஆனால் போடுகிறவர்கள் வாய் சிவக்கச் சிரிப்பதைப் பார்க்கப் பிடிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு முதலில் சிநேகமானவை அந்தச் சிரிப்புகள்தான். நீங்கள் விசாரிக்க வந்தவர்கள், சுற்றி வளைக்காமல் சொல் என்பீர்கள். சொல்கிறேன்.

வாய்ப்புற்று பற்றிய எங்கள் ஆய்வு நல்ல ஆய்வு. 2002இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஊதா விளக்கும் கமராவும் தந்தது. நோயாளிகளும் கத்தியும் என் பொறுப்பு. இருட்டறையில் அந்த விளக்கை வாய்க்குள் பிடித்தால் நல்ல சதை பச்சையாக ஒளிரும், புற்று பிடித்த இடம் கறுத்துக் கிடக்கும். கறுப்பை மட்டும் வெட்டினால் போதும், சுற்றிலும் தாராளமாக வெட்டி வாயைக் கோணலாக்க வேண்டியதில்லை என்று நிறுவுவதுதான் எங்கள் வேலை. நிறுவிவிட்டால் விளக்கு பதுளையிலேயே தங்கும். இல்லாவிட்டால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கருப்பம்மா தன் கன்னத்தின் உட்புறத்தைத் திரையில் பார்த்துச் சிரித்தார்.

“என்னாங்க டாக்டர் ஐயா, வாயிக்குள்ளயும் தேயிலதான் வெளஞ்சிருக்கா?”

“ஓம். நடுவிலை இருக்கிற கறுப்பை மட்டும் எடுத்தால் சரி. பயப்பிடாதேங்கோ.”

சத்திரசிகிச்சையின்போது மயக்கத்தில் கிடந்தவரின் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். காதுப்பக்கமாக, பச்சை ஒளிர்ந்த இடத்திலும் கெட்டியாகத் தட்டுப்பட்டது. இத்தனை வருஷத்தில் என் விரல் பொய் சொன்னதில்லை. ஆனால் அங்கே ஒன்றுமில்லை என்றது விளக்கு. விளக்கு காட்டிய கோட்டிலேயே நிறுத்தினேன்.

“டொக்டர், வழமையா இன்னும் தள்ளித்தானே வெட்டுவீங்க?” என்று தாதி றஷீனா கேட்டார்.

“விளக்கு போதுமெண்டு சொல்லுது.”

அவர் தையல் நூலை எடுத்துத் தந்தார். அவர் மேல் குற்றமில்லை.

ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டைக் கொழும்புக்கு அனுப்புவது முறை. அதை விரலுக்கு மெத்தென்று பட்ட பக்கத்திலிருந்து எடுத்தேன். சுத்தம் என்று பதில் வந்தது. அதில் பொய் ஏதுமில்லை, அந்தத் துண்டு சுத்தமாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் கருப்பம்மா தாடைக்குக் கீழே கட்டியோடு வந்தார். அப்போதே மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் பிழைக்க வழியிருந்தது. ஆனால் வெளிநாட்டுக் கூட்டாளிகள் எங்கள் வேலையைப் பார்க்க வரவிருந்தார்கள். அனுப்பினால் நோய் திரும்பியது அம்பலமாகிவிடும்.

“முழுங்கவே முடியலைங்க. காலைல பெரட்டுக்குப் போயி பேரு குடுத்து வேலைக்கு நிக்கத் தெம்பில்ல. தமிழ் டாக்டர்னு நம்பித்தான் ஒங்ககிட்டயே வர்றேன். பழைய நோவு இல்லியே?”

“இல்லை. பல்லு வேரிலை வந்த வீக்கம். குளிசை தாறன்.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு வேதனையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு கருப்பம்மாவா, ஊவாத் தோட்டங்களில் வெற்றிலை மெல்லும் அத்தனை பேருமா என்று யாராவது ஒருவர் யோசித்துத்தானே ஆக வேண்டும். கூட்டாளிகள் வந்தார்கள், படங்களைப் பார்த்தார்கள், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். விளக்கு தங்கியது. கருப்பம்மா தோட்டத்து லய வீட்டிலேயே செத்துப்போனார். கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லையாம்.

அவருக்குப் பிறகு வந்தவர்களையும் அதே கோட்டில்தான் வெட்டினேன், அதே மெத்தென்ற பக்கத்தில்தான் துண்டெடுத்தேன். அவர்களில் யார் யார் இன்று இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆய்வு என்றால் எல்லோருக்கும் ஒரே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். நான் கடைப்பிடித்தேன்.

பண்டாரவளையில் படிப்பிக்கும் லீலாதேவியைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவளுக்கும் கன்னத்தில் அதே நோய்தான். விளக்கு தயாராக இருந்தது, போடவில்லை. ஆய்விலும் சேர்க்கவில்லை. தடவித் தடவிப் பார்த்து, கெட்டி முடிந்த இடத்தையும் தாண்டி நன்றாகத் தள்ளி வெட்டினேன். வாய் சற்றுக் கோணிவிட்டது. இன்றும் பள்ளிக்கூடம் போய்வருகிறாள்.

தங்கை என்பதற்காகப் பாரபட்சம் காட்டினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவளுக்கு விளக்கு தேவைப்படவில்லை. என் விரலே போதும் என்பது எனக்குத் தெரியும்.