சுத்துச்சே, சேர்

"அந்தக் கண்ணாடிக்குள்ள ஐதரசன் பூந்து போயிருமா, புள்ள?"

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில், முன் இருக்கைக்காரர் இப்படிக் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் பக்கத்தில் இருந்தவள் அவருடைய தங்கை மகள். ஐதரசன் வாயுவிலிருந்து கரண்டு எடுக்கும் எரிபொருள் கலத்துக்குக் கண்ணாடித் தகடு செய்ய, கெம்பஸில் ஆராய்ச்சி செய்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஐதரசன் போகாது மாமா. அதுல உள்ள புரோத்தன் மட்டும் கண்ணாடி வழியா போகும். இலத்திரன் கம்பி வழியா சுத்திக்கிட்டு வரும். அதுதான் கரண்டு. பொகையே வராது, வெறுந்தண்ணிதான் வரும்."

"பிளாஸ்டிக்குலயே செய்யின்னு ஒங்க சேர் சொன்னாருன்னியே?"

"அந்த பிளாஸ்டிக் ஈரமா இருந்தாதான் வேல செய்யும், சூடு கூடுனா காஞ்சிரும் மாமா. கண்ணாடி தாங்கும். சூடு ஏத்துனா கரண்டும் கூடும்."

"ஒன்னோட கண்ணாடி ஒடையுதாமே?"

"கூழ் மாதிரி ஊத்தி காயவைக்கிற கண்ணாடி மாமா, காயுறப்பதான் வெடிக்கும். மெதுவா காயவச்சேன், போன கெழம ஒன்னு முழுசா வந்துச்சி. அதுல சின்ன ஃபேன் ஒன்னு சுத்துச்சி! சேர் பாத்துட்டு, தோட்டத்து லயத்துப் புள்ளைக்கு டீச்சர் வேல போதாதான்னாரு. 'சுத்துச்சே, சேர்'னு சொல்லிட்டு வந்துட்டேன். விடமாட்டேன் மாமா."

அப்போது மாமாவின் போன் அடித்தது. அவளுடைய அம்மாதான்.

"ஆமா தங்கச்சி, கேட்டுட்டேன். டீச்சர் வேலைக்கு அவ போகமாட்டா... அழுவாத. நீ சொல்லித்தான் பேச வந்தேன். இப்ப நான் சொல்றேன், கேட்டுக்க. எந்த சேர் என்ன சொன்னாலும், திங்கக்கெழம நம்ம புள்ள லேபுக்குத்தான் போறா. நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."