ஆறாவது மதகின் திறப்பு விழா

உதவியாளர்: தண்ணி வெள்ளையா வரணும், இன்ஜினியர். அவ்வளவுதான் நான் கேக்குறது.

பொறியாளர்: தண்ணிக்கு நிறம் கிடையாதுன்னு பள்ளிக்கூடத்துல...

உதவியாளர்: பள்ளிக்கூடத்தையெல்லாம் எங்கிட்ட இழுக்காதீங்க. நுரை தள்ளிக்கிட்டு, புகை மாதிரி, விழுந்தடிச்சு வரணும். கேமராவுக்கு அதான் பசி.

சாவி: பால் மாதிரின்னு சொல்றாருங்கய்யா.

உதவியாளர்: இவர் யாரு, நடுவுல?

பொறியாளர்: மதகுக்காரர் சார். அணையோட ஆறு மதகுக்கும் சாவி இவர்கிட்டதான். பேரே சாவின்னு ஆயிடுச்சு.

உதவியாளர்: அப்ப இவர்கிட்டயே பேசிடுறேன். இதோ பாருங்க சாவி, மாமா பட்டனை அமுக்கின உடனே ஆறாவது மதகைத் தூக்கிடணும்.

சாவி: எந்த மாமா?

பொறியாளர்: அமைச்சர்ப்பா. சாரோட அக்கா வீட்டுக்காரர்.

உதவியாளர்: வீட்லதான் மாமா. இங்க அவர் மின்துறை அமைச்சர், நான் நேர்முக உதவியாளர். குடும்பத்தை இதுல கலக்காதீங்க.

சாவி: நான் எங்கய்யா கலக்குனேன்...

பொறியாளர்: ஆறாவது எதுக்கு சார்? மத்த அஞ்சும் நல்லா...

உதவியாளர்: மாமாவுக்கு ராசி எண்.

பொறியாளர்: சார், அமைச்சர் கரண்டைப் பாக்கணும்னா கீழ மெஷின் கட்டடத்துக்கு வரட்டும். அங்கதான் உற்பத்தி. தண்ணி குழாய்க்குள்ள போயி மெஷினைச் சுத்துது. வெளிய தெரியாது. மதகு வழியா விடுற தண்ணி மெஷின் பக்கமே போகாம ஆத்துல விழுந்து ஓடிடும். அதுல ஒரு பல்பு கூட எரியாது.

உதவியாளர்: கண்ணுக்குத் தெரியாததை எப்படிய்யா திறந்து வைக்கிறது?

பொறியாளர்: திறந்து வைக்கணும்னு கட்டாயமா?

உதவியாளர்: நாட்டுல மூணு பெரிய மின் நிலையம். மூணையும் மாமா இந்த வாரம் பாக்குறார். முதல்ல நிலக்கரி. போனா, புகைபோக்கி சும்மா நிக்குது.

பொறியாளர்: பாய்லர் பழுது சார். பிரிச்சுப் போட்டிருக்காங்க.

உதவியாளர்: அது எங்களுக்கு எதுக்கு? புகை இல்லன்னதும் மாமா மொகம் வாடிப்போச்சு. அப்புறம் அடியில பழைய டயரைப் போட்டுக் கொளுத்தினாங்க. ஜம்முனு வந்துச்சு. ரெண்டாவது, சோலார். கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் கண்ணாடி. ஒண்ணும் அசையல. "இதென்ன, கண்ணாடிக் கடைக்கா கூட்டிட்டு வந்தீங்க?"ன்னு கேட்டுட்டார்.

சாவி: நியாயம்தானே.

உதவியாளர்: அதனால ஆளுயரத்துக்கு ஒரு ஃபேனை வச்சுச் சுத்த விட்டோம்.

பொறியாளர்: சோலார் கரண்ட்லயா?

உதவியாளர்: டீசல் ஜெனரேட்டர்ல. அன்னைக்கு மேகமூட்டம். சரி, அதை விடுங்க. இங்க தண்ணி.

பொறியாளர்: சார், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ஏரில தண்ணி தரை தட்டுது. நிலக்கரி நிலையம் படுத்துடுச்சு. சோலார், பொழுது சாஞ்சா கடையைக் கட்டிடும். அப்புறம் தலைநகரத்துக்கு வெளிச்சம் எங்க தண்ணிலதான். இப்ப மதகைத் திறந்து வீணடிச்சா, சாயங்காலம் ஆஸ்பத்திரி, வீடு, தெரு எல்லாம் இருட்டு.

உதவியாளர்: சாயங்காலம் நாங்க இங்க இருக்க மாட்டோமே.

பொறியாளர்: அமைச்சர் தலைநகரத்துல பேசுறாராமே... "தடையில்லா மின்சாரம்"னு?

உதவியாளர்: அந்த மண்டபத்துக்கு ஜெனரேட்டர் இருக்கு. அதுவும் டீசல்தான்.

சாவி: டீசலுக்கும் ஒரு விழா எடுக்கலாம்ங்கய்யா.

உதவியாளர்: இன்ஜினியர், கடைசியா கேக்குறேன். முடியுமா, முடியாதா? சோலார்ல அந்தக் கண்ணாடிக்குத் தூசி தட்ட ஒரு மேற்பார்வையாளர் கேட்டுட்டிருக்காங்க. நல்ல வெயில். உடம்புக்கு நல்லது.

பொறியாளர்: ...திறந்துடலாம் சார்.

உதவியாளர்: அட! இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினீங்க?

பொறியாளர்: யோசிச்சுப் பாத்தேன் சார். ராசின்னு ஒண்ணு இருக்கில்ல. ஒரே ஒரு விண்ணப்பம். அமைச்சரோட படம் ஒண்ணு, மதகையே மறைக்கிற அளவுக்குப் பெருசா, முன்னாடி தொங்க விடலாம். பட்டனை அமுக்கினதும் படம் கீழ விழும், பின்னாடியிருந்து தண்ணி...

உதவியாளர்: அமைச்சர் கீழ விழுவாரா?

பொறியாளர்: மேல போவார் சார். சுருண்டு மேல போவார்.

உதவியாளர்: மேல போறதுன்னு வெளிய சொல்லாதீங்க. எழும்புவார்னு சொல்லுங்க. ஆனா யோசனை பிரமாதம்! உங்களுக்குள்ள ஒரு அரசியல்வாதி தூங்கிட்டிருக்கார், இன்ஜினியர்.

சாவி: தூங்கலைங்கய்யா. இப்பத்தான் முழிச்சார்.

உதவியாளர்: ...படத்தைக் கட்டியாச்சா? நல்லா இருக்கே! சிரிப்பு மட்டுமே ஒரு வாசல் அகலம். ஆமா, படம் ஏன் நனைஞ்சிருக்கு?

பொறியாளர்: மலைக்காத்து சார். சாரல்.

உதவியாளர்: சாரல் முன்னாடியில்ல அடிக்கும்? இது பின்னாலேருந்து ஊறி வருதே?

சாவி: இங்க காத்து போயிட்டுத் திரும்பி வரும்ங்கய்யா.

உதவியாளர்: கண்ணு ரெண்டுலயும் வழியுது பாருங்க.

பொறியாளர்: மக்களை நெனச்சு...

உதவியாளர்: மூக்குலயும் வழியுதே.

சாவி: ரொம்ப நெனச்சுட்டார்.

உதவியாளர்: உஷ்... வந்துட்டார். சாவி, கயித்துகிட்ட போங்க. இன்ஜினியர், வேட்டு வச்ச மாதிரி கைதட்டணும்.

பொறியாளர்: பட்டனை அமுக்கினா கயித்துகிட்ட மணி அடிக்கும் சார். மத்ததை அவர் பாத்துக்குவார்.

உதவியாளர்: பேசுறார்... பேசுறார்... இன்னும் பேசுறார். ஆ, விரலைத் தூக்கிட்டார்!

சாவி: மணி கேட்டுச்சு! இழுக்குறேன்!

உதவியாளர்: வருதுய்யா! அம்மாடி, என்னா வெள்ளை! விசிறி மாதிரி பீச்சியடிக்குது. மாமா முடி கூட நனைஞ்சுடுச்சு. சாயம் இறங்குதே... யாராவது துண்டு குடுங்கப்பா!

பொறியாளர்: என்னவோ சொல்றாரே?

உதவியாளர்: "இந்த ஒரு விரலால ஆத்தையே எழுப்பிட்டேன்"ங்கிறார். எல்லாரும் எழுதிக்கிறாங்க. அடடா... நல்லபடியா முடிஞ்சுது. கார் கிளம்பியாச்சு. நான் அடுத்த கார்ல போய்க்கிறேன். ம்... இப்ப மூடிடுங்க.

சாவி: எதை?

உதவியாளர்: மதகைத்தான். தண்ணி வீணாகுதுன்னு அவ்வளவு அழுதீங்களே, மூடுங்க. ...என்ன, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறீங்க?

பொறியாளர்: சார்... திறந்திருந்தாத்தானே மூடுறதுக்கு?

உதவியாளர்: அப்படின்னா?

பொறியாளர்: அந்த மதகு துருப்பிடிச்சு நட்டுக்கிட்டு நிக்குது. யானை இழுத்தாலும் அசையாது. ஓரத்து ரப்பர் வேற போயிடுச்சு. அந்த இடுக்கு வழியா ராத்திரி பகலா இப்படித்தான் பீச்சியடிக்குது. இன்னைக்கு நாங்க செஞ்சது, படத்தைத் தூக்கினது மட்டும்தான்.

உதவியாளர்: அப்ப அமைச்சர் திறந்து வச்சது...

சாவி: ஒழுகுற ஓட்டையைத்தாங்கய்யா.

பொறியாளர்: எனக்கு வேற வழி தெரியல சார். சாயங்காலத்துக்கு வேண்டிய தண்ணி தப்பிச்சுது, அது போதும். என்னை எந்த வெயிலுக்கு வேணும்னாலும் மாத்துங்க. ஆனா போறதுக்கு முன்னாடி அந்த ரப்பரை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க. இங்க ஒழுகுற தண்ணில ஒரு ஊருக்கே விளக்கெரிக்கலாம்.

உதவியாளர்: ரப்பரா? இனிமே அந்தப் பேச்சே எடுக்காதீங்க. போன மாசம் மழையே இல்லாத நாள்ல, கீழ இருக்கிற பாலத்துல என் கார் நனைஞ்சுது. நின்னு பாத்தேன், ஆறாவது மதகு ஒழுகுறது தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் இந்த விழாவுக்கே நாள் குறிச்சேன். உங்களை மிரட்டினதெல்லாம் சும்மா, நாளைக்கு யாராவது கேட்டா "திறக்கத்தான் சொன்னேன்"னு சொல்லணும்ல... போயி அந்தத் திறப்பு விழாக் கல்லுல வெட்டியிருக்கிறதைப் படிங்க: "என்றும் வற்றாத அருவி. திறந்து வைத்தவர், மாண்புமிகு அமைச்சர்." மாமா திறந்து வச்சதை எவன்யா அடைப்பான்?