இன்னார் மகள்

ஆரப்பாளையத்தில் சோழவந்தான் பஸ் கிளம்புவதாக இல்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள், மடியில் திருத்த வேண்டிய பரீட்சைப் பேப்பர்களுடன் உட்கார்ந்திருந்தார்கள்.

"இம்புட்டு வருசமா எங்க வீட்டுக்காரருதான் எனக்கு அப்பா" என்றார் மூத்தவர்.

"என்னக்கா சொல்றீங்க?"

"வருமான வரி பாரத்துலதான். எப்பவும் அவரு எழுதுவாரு, இன்ட்டு போட்ட எடத்துல நான் கையெழுத்துப் போடுவேன். நமக்கு எழுதத் தெரியாதான்னு இந்த வருசம் நானே உக்காந்தேன். பழைய நகலை எடுத்துப் பாத்தா, தகப்பனார் பேருன்னு இருக்க எடத்துல அவரு பேரு. கீழ, 'நான் இன்னாரு மக, இதெல்லாம் சத்தியம்'னு என் கையெழுத்து."

"சார்ட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். 'கல்யாணம் ஆயிருச்சுல்ல, எம் பேருதான வரும்'னாரு. 'இதுல புருசனுக்கு எடமே இல்லைங்க'ன்னேன். பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ராத்திரி சாப்பிடல."

"அப்புறம்?"

"எங்க அப்பா பேரைத்தான் எழுதுனேன். ஞாயித்துக்கிழமை அப்பாவோட வெத்தலைக் கொடிக்காலுக்கே போயி, 'எம் பேருக்குக் கீழ ஒங்க பேருதான்ப்பா'ன்னு ஆசையாக் காட்டுனேன். கண்ணாடியை மாட்டி நிதானமாப் படிச்சாரு."

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். இளையவர் காதைக் கிட்டே கொண்டுபோனார், நானும்தான்.

"என்ன சொன்னாரு?"

"'வரி கேக்குற எடத்துல எம் பேரை எதுக்குத்தா இழுத்துவிடுற? மாப்ள பேரே இருந்துட்டுப் போகட்டும்'னாரு."