கோட்டைச்சாமி உயிரோடு இருப்பது பற்றிய வாக்குமூலம்

ஆங்கிரஸ வருஷம் தை மாதம் 20ஆம் தேதி சிவகங்கைக் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாகச் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் கோட்டைச்சாமி. தகப்பனார் வீரணன், காலமாகிவிட்டார். வயது நாற்பத்தெட்டு. ராமநாதபுரம் ஜில்லா சாக்கோட்டையில் குடியிருந்து விவசாயம் செய்கிறேன். நான்தான் கோட்டைச்சாமி என்று சொல்ல எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை நாகநாதன் வந்து நிற்கிறார். உயிரோடிருக்கிறவன் அதற்குச் சாட்சி கூட்டி வருவதில் இந்த ஜில்லாவில் நான்தான் முதல் ஆள் என்று நினைக்கிறேன்.

என்னை மானசரோவர் ஏரியில் தள்ளிக் கொன்றதாக எங்கள் ஊர் உடையப்பன் பதினெட்டு நாளாக சப் ஜெயிலில் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் முந்தின வருஷம் கண்மாய் மடைத் தண்ணீர் விஷயமாக வாய்த்தகராறு நடந்தது உண்மை. அதற்குப் பிறகு பேச்சை நிறுத்தியது நான்தான், அவர் அல்ல. சென்ற வைகாசியில் கைலாய யாத்திரைக்கு ஆள் சேர்த்தபோது அவரே என் வீட்டுக்கு வந்து, "மாப்ள, மடைச் சண்டை மடையோட கெடக்கட்டும், நீ வராம நான் போக மாட்டேன்" என்று சொன்னார். அதன் பிறகு என்னையும் சேர்த்து ஒன்பது பேர் காரைக்குடியில் ரயில் ஏறினோம்.

அல்மோரா என்ற மலையூர் வரை போய், அங்கே வழிகாட்டி ஒருவரையும் சுமைக்குக் குதிரைகளையும் அமர்த்திக்கொண்டு, அதன் பிறகு ஒரு மாதம் போல மலையில் நடந்தோம். பெரிய கணவாய் ஏறும்போது எனக்கு மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். உடையப்பன் தன் கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு, அன்று பொழுது சாயும் வரை வெறும் சட்டையோடு நடந்தார். கொல்ல நினைக்கிறவருக்கு அந்தக் கணவாயே போதும் என்பதைக் கோர்ட்டார் கவனிக்க வேண்டும்.

ஆடி மாதம் ஏரிக்கு வந்து சேர்ந்தோம். கடல் போல விரிந்து கிடந்த அந்தத் தண்ணீரைக் கண்டதும் எல்லோரும் அழுதோம், நானும் அழுதேன். அதன் பிறகு முழுகி எழுந்து, தீர்த்தமாடியவர்கள் செய்கிறபடி, உடுத்தியிருந்த வேட்டியைக் கரையில் விட்டுவிட்டு வேறு உடுத்திக்கொண்டேன். ஒன்பது பேர் முழுகிய இடம் கலங்கியிருந்தது. என் சம்சாரம் அழகிக்குத் தெளிந்த தீர்த்தம் கொண்டுபோக வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் செம்பை எடுத்துக்கொண்டு ஒரு மேட்டைத் தாண்டிப் போனேன். சொல்லாமல் போனது என் தப்பு. தண்ணீர் மொண்டதும் தலை கிறுகிறுத்தது, பாறை ஓரம் சாய்ந்தேன், அப்படியே தூங்கிவிட்டேன்.

நான் தூங்கும்போது அவர்கள் வேட்டியை மட்டும் கண்டு, ஏரி என்னைக் கொண்டுபோய்விட்டது என்று தேடி அலறியதெல்லாம் எனக்குத் தெரியாது. அங்கே அடிக்கிற காற்றில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. கல்மழை வரப்போகிறது, இனி நிற்க முடியாது என்று வழிகாட்டி அவர்களைக் கிளப்பியதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். நான் விழித்தபோது காற்று அடங்கியிருந்தது. எட்டுப் பேரும் கைலாயத்தைச் சுற்றப் புறப்பட்டு, முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டால் கேட்கிற தூரம்தான்.

ஏன் கூப்பிடவில்லை என்று போலீஸார் மூன்று முறை கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னால் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் போகிற காரியம் கெடும். சந்தைக்குப் போகிறவனையே கூப்பிட மாட்டோம், கைலாயம் சுற்றப் போகிறவர்களைக் கூப்பிடுவேனா? சாப்பாட்டுக்கு எங்கேயாவது உட்காருவார்கள், பிடித்துவிடலாம் என்று நடந்தேன். இருபது அடிக்கு ஒரு தரம் மூச்சு நின்றது. அதன் பிறகு கல்மழை பிடித்துக்கொண்டது, வழி தெரியவில்லை, விழுந்தேன்.

கண் திறந்தபோது ஆடு மேய்க்கிற ஒரு குடும்பத்தின் கூடாரத்தில் கிடந்தேன். அந்த வீட்டு அம்மாள் பெயர் இன்று வரை எனக்குத் தெரியாது. தேயிலைத் தண்ணீரில் உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்து கொடுத்தாள். முதல் வாயைத் துப்பிவிட்டேன். அவள் கோபிக்காமல் என் வாயைத் துடைத்துவிட்டுச் சட்டியை மறுபடியும் நீட்டினாள். இரண்டு மாதம் அந்தத் தண்ணீரும் வறுத்த வாற்கோதுமை மாவும்தான் என் உயிர். பெற்ற தாய்க்கு அடுத்து நான் கும்பிட வேண்டியது அவளைத்தான். அதன் பிறகு உப்பு மூட்டை சுமக்கிற ஆடுகளோடு கணவாய் தாண்டுகிறவர்களுடன் என்னை அனுப்பினாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் பின்னாலிருந்து கத்திக் கூப்பிட்டாள். இனி ஊர் போய்ச் சேர மாட்டேன் என்றே நினைத்தேன். நான் மறந்து வைத்துவிட்ட தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். அதை வாங்கிக்கொண்டு, கெடுதல் ஒன்றும் இல்லாமல் அல்மோரா வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு மடத்துச் சாமியார் பனிப்புண் ஆறும் வரை இரண்டு மாதம் என்னை வைத்திருந்து, ரயிலுக்குப் பணம் கொடுத்தார். எனக்கு எழுதத் தெரியாது, தமிழ் எழுதுகிறவர் யாரும் அங்கே கிடைக்கவில்லை.

தை 18ஆம் தேதி வீட்டு வாசலுக்கு வந்தேன். புரட்டாசியிலேயே எனக்குக் கருமாதி முடிந்து, அழகி தாலி இல்லாத கழுத்தோடு நின்றாள். கருமாதி முடிந்தவன் முன்வாசல் வழியாக நுழையக் கூடாது, கொல்லை வழியாக வரட்டும் என்று தெருவில் பேசினார்கள். அழகி, "எங்க வீட்டு ஆளு வாசல் வழியாத்தான் வருவாக" என்று சொல்லி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். உடையப்பன் யாத்திரையிலிருந்து திரும்பிய அன்றே என் வேட்டியோடு வந்து வாசலில் விழுந்து அழுததையும், தன் தாயாருக்கென்று கொண்டு வந்த தீர்த்தத்தை அழகியிடம் கொடுத்துவிட்டுப் போனதையும் அவள்தான் சொன்னாள். உடையப்பன்தான் என்னைக் கொன்றார் என்று மார்கழியில் போலீஸில் மனுக் கொடுத்த என் தம்பி முத்தப்பன் என் காலைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கவில்லை. என் மேலுள்ள பாசத்தில் எழுதிய மனு, அதற்காக அவனை ஒன்றும் செய்யக் கூடாது.

இன்று காலை இங்கே வருவதற்காகத் தெருமுனை வரை நடந்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் என்னைப் பின்னால் கூப்பிடாத அழகி, தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "நில்லுங்க. உடையப்பண்ணனக் கையோட கூட்டிக்கிட்டு வாங்க. அவுக வந்து தாலிய எடுத்துக் குடுத்தாத்தான் நான் கழுத்த நீட்டுவேன்."

நான் நின்றேன், திரும்பிப் பார்த்தேன், சரி என்றேன். ஆகையால் உடையப்பனை இன்றே விடுதலை செய்து என்னோடு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் பட்டதும், பிற்பாடு கேட்டது இன்னதென்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன். வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. இடது பெருவிரல் நுனி பனியில் போய்விட்டபடியால், வலது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

கோட்டைச்சாமி (ரேகை)
சாட்சி: நாகநாதன், கணக்குப்பிள்ளை