காது வைத்த ரொட்டி

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில், முன் சீட்டில் மகளை மடியில் வைத்திருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அக்கா, ஒங்களாலதான் இப்ப ரொட்டிக்கெல்லாம் காது வைக்க வேண்டியிருக்கு."

"நான் என்னாடி செஞ்சேன்?"

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பாப்பா சாப்புடலைன்னு, முயல் மாதிரி ரொட்டி சுட்டுக் குடுத்தீங்களாமே. அவரு சொன்னாரு. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்க்கா."

"நானில்லடி. ஒன் வீட்டுக்காரருதான் சுட்டாரு. லயத்துல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க சிரிப்பாங்கன்னு எம் பேரச் சொல்லியிருக்காரு."

"அவரா? அந்த மனுசனுக்குத் தேத்தண்ணிகூட ஊத்தத் தெரியாதேக்கா."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகள்தான் சொன்னாள்: "வாலும் வச்சாரும்மா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."