குழாயில் ஓர் இடம்

"ஹலோ... ஹலோ, நான்தான்... யாருன்னா? குரல்கூட மறந்துபோச்சா... ஆமா, ஆமா, சகலைதான். வச்சிடாத, வச்சிடாத. சண்டைக்கு இல்லப்பா. சத்தியமா சண்டைக்கு இல்ல."

அந்த அலுவலகத்தின் நடைவழியில் நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்புச் சட்டத்தால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடியது. கடைசி நாற்காலியில், மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு அவர் பேசிக்கொண்டிருந்தார். வீடுகளுக்கு நெட் கனெக்‌ஷன் கொடுப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு 'நெட்டுக்காரர்' என்று பெயர். அடுத்த தெருவிலும் ஒரு நெட்டுக்காரர் உண்டு. அக்காவை இவர் கட்டியிருந்தார், தங்கையை அவர். அக்காவும் தங்கையும் பேசாத நாளில்லை. கணவன்மார்கள் மட்டும் வருஷக்கணக்கில், ஒருவர் இழுத்த வயரை மற்றவர் நறுக்கியே தங்கள் சேதியைச் சொல்லிக்கொண்டார்கள்.

"நம்பரா... மாமியார்கிட்ட வாங்கினேன். என்கிட்ட இருந்துச்சு, கோபத்துல அழிச்சுட்டேன்... ஆமா, நீயும் அழிச்சிருப்பே. சரி, அதை விடு. நான் சொல்றதைக் கேளு. இன்னிக்குத்தான் கடைசி நாள்... எதுக்கா? தெரியாத மாதிரி கேக்காத சகலை. வயர் போற குழாய்ல இடம் கேக்கறதுக்குத்தான். நான் இங்க ஆபீஸ்லதான் உக்காந்திருக்கேன். டோக்கன் வாங்கிட்டேன். எனக்கு முன்னால நாலஞ்சு பேர் இருக்காங்க."

"ஆமா... ஆமா, பெரிய கம்பெனி போட்ட குழாய்தான். யாரு இல்லன்னா? ஆனா தரைக்கடியில போற குழாய்ல சின்னவங்களுக்கும் ஒரு ஓரம் விட்டுக்கொடுக்கணும்னு சட்டம் இருக்குல்ல. போட்டி இருக்கணுமாம், அப்பத்தான் ஜனங்களுக்கு நல்லதாம். எவ்வளவு நல்ல மனசு பாரு. ஒரே ஒரு சின்ன நிபந்தனை. ஆயிரம் வீட்டு கனெக்‌ஷன் வச்சிருக்கிறவனுக்குத்தான் அந்த ஓரம். அதுக்குக் கீழ இருந்தா நீ போட்டியில சேர்த்தி இல்ல... அதேதான். கம்பத்துல தொங்குற வயர் எல்லாத்தையும் வெள்ளிக்கிழமை அறுத்துடுவாங்க. குழாய்ல இடம் இருந்தா தொழில் இருக்கு, இல்லன்னா கடையைச் சாத்திட்டுப் போயிட்டே இருக்க வேண்டியதுதான்."

"என்கிட்ட அறுநூத்துச் சொச்சம். உன்கிட்ட... யாருகிட்ட சொல்ற? எண்ணூறு வீடு எங்கேர்ந்து வந்துச்சு? உன் கனெக்‌ஷன் டப்பாவைக் கம்பம் கம்பமா நானே எண்ணியிருக்கேன்... ஆமாய்யா, எண்ணினேன். நீ என்னுதை எண்ணலையா?... சரி, ஐநூறுன்னே வச்சுக்குவோம். ரெண்டையும் ஒண்ணா எழுதிக் கொடுத்தா தாண்டிடும். நீ ஒரு ஆட்டோ பிடிச்சு வந்து ஒரு கையெழுத்துப் போடு, அவ்வளவுதான். கம்பெனிக்கு உன் பேரையே வை. என் பேரே வேணாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துப் பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியம் அது. அங்கே சொல்லும்போது இவ்வளவு கசக்கவில்லை.

"...இல்ல, எல்லா வீட்டையும் கூட்டிட முடியாது. டெய்லர் வீட்டை ரெண்டு பேருமே எண்ணியிருக்கோம், அதுல ஒண்ணைக் கழிச்சுக்கணும். சிரிக்காத. மூணு மாசம் உன்கிட்ட இலவசம். முடிஞ்சதும் எனக்கு போன், 'அண்ணே, அவரு சர்வீஸ் சரியில்ல.' உடனே நான் ஓடிப்போய் வயர் போட்டுக் கொடுப்பேன், மூணு மாசம் இலவசம். அது முடிஞ்சதும் திரும்ப உனக்கு போன். அந்த மனுஷன் கல்யாணம் பண்ணி, புள்ள பெத்து, அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் நெட்டுக்குன்னு ஒரு பைசா கொடுத்ததில்ல சகலை. நாமதான் அவருக்குக் குடும்பம் நடத்திக் கொடுத்திருக்கோம்... ஆமா. அவரு ஒருத்தர் மட்டுமா? தெருவுல பாதி அப்படித்தான்."

எதிர்ச் சுவரில் வரிசையாகப் புகைப்படங்கள் மாட்டியிருந்தார்கள். மேலே தடித்த எழுத்தில் 'உயிருக்கு ஆபத்து' என்று இருந்தது. எல்லாம் கம்பங்கள், கம்பங்களில் கூடுகூடாகத் தொங்கும் கறுப்பு வயர்கள். அவர் வெகுநேரமாக அவற்றைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். சொல்லவா வேணாமான்னு இருந்தேன்... இங்க சுவத்துல போட்டோ மாட்டி வச்சிருக்காங்க. நடுவுல இருக்கு பாரு ஒரு கம்பம், வயரெல்லாம் அவுந்து பால்கனி மேல கிடக்குற மாதிரி. அது உன் கம்பம்... ஆமா, மருந்துக்கடை முக்கு. எப்படித் தெரியுமா? மூலையில ஒரு கட்டைவிரல் தெரியுது. அது என் விரல். நான் எடுத்த போட்டோ சகலை. உன் மேல புகார் போட்டப்ப அனுப்பினேன்... இரு, இரு, கத்தாத. பக்கத்துலயே இன்னொண்ணு மாட்டியிருக்கு. அது என் கம்பம். அதை எடுத்தது யாரு?... ஏன் பேச்சைக் காணோம்? மொட்டை மாடியிலேர்ந்து எடுத்திருக்கே, நல்லாத்தான் வந்திருக்கு. கவுன்டர்ல இருக்கிற அம்மா என்ன சொல்லுது தெரியுமா? 'தொங்கு வயரால ஆபத்துன்னு பொதுமக்கள்கிட்டேர்ந்து ஏகப்பட்ட புகார் சார், அதை வச்சுத்தான் ஆர்டரே போட்டாங்க'ன்னுது. பொதுமக்களாம். அந்தப் பொதுமக்கள் நீயும் நானும்தான்யா. நீ என் கழுத்துக்குக் கயிறு திரிச்ச, நான் உன் கழுத்துக்குத் திரிச்சேன். பெரிய கம்பெனிக்காரன் வந்து ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டான்."

"...ஆமா. அதான் சொல்றேன், வா. நடந்தது நடந்துபோச்சு."

நடைவழியில் ஒரு மின்விசிறி தலையை ஆட்டி ஆட்டி யாருக்கும் காற்று விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கவுன்டருக்கு மேலிருந்த சிவப்பு எண் மாறியது.

"என்ன இரைச்சல் அங்க?... மைக்கா? யாரோ மைக்ல பேசற மாதிரி கேக்குது... மீட்டிங்கா. உனக்கு என்ன மீட்டிங்? நீயும் ஒரு ஏணியும்தான் உன் கம்பெனி... சகலை. நீ எங்க இருக்கே இப்ப?"

"..."

"எந்த ஆபீஸ்?"

"..."

"பெரிய கம்பெனிக்கா? எப்ப போட்ட கையெழுத்து?... போன வாரமா. போன வாரம். அப்ப நான் இங்க மெனக்கெட்டுப் பேசிட்டிருக்கேன், ஆட்டோ பிடிச்சு வா, உன் பேரையே வைன்னு. நீ அவங்க நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஊம் ஊம்னு கேட்டுக்கிட்டு இருக்கே... சட்டை இன்னும் கொடுக்கலையா? கொடுப்பாங்க, கொடுப்பாங்க. அளவு எடுத்துட்டாங்கல்ல."

அவர் சத்தம் போடவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தது, குரல் அவ்வளவு தாழ்ந்துவிட்டதால்தான்.

"இரு, இரு. வீடெல்லாம் அவங்க பேருக்கு எப்ப மாறுது?... திங்கக்கிழமையா. அப்ப இன்னிக்கு அது இன்னும் உன் வீடுதான? அந்த ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வா. என்ன பண்ணிடுவாங்க? கேஸ் போடுவாங்களா? போடட்டுமே. ரெண்டு பேரும் சேர்ந்து அலைவோம்... ஏன் முடியாது?... ஏரியா சூப்பர்வைசர். சரி. நல்ல பதவிதான். எந்த ஏரியா?"

"..."

"என் தெருவும் சேர்த்தா?"

"இல்ல, தப்பா எடுத்துக்கல. நான் ஏன் தப்பா எடுத்துக்கப் போறேன்? உனக்கு வயர் ஒட்டக் கத்துக்கொடுத்தது என் மொட்டை மாடியில. அந்த மாடிக்கே நீ சூப்பர்வைசர். சந்தோஷம்தான்... என்னது? ஜனங்களுக்கு நல்லதா? அதையும் அந்த மீட்டிங்ல சொல்லிக்கொடுத்தாங்களா? மூணு கம்பெனி மூணு கலர்ல விளம்பரம் போடுது, பார்த்திருக்கேன். மூணும் அந்த ஒரே குழாய்ல இடம் வாடகைக்கு எடுத்து வேற வேற பேர்ல விக்குது. நாளைக்கு எவனாவது பொக்லைனை வச்சு அந்தக் குழாயைக் குத்தினா, மூணு பேரும் ஒரே நேரத்துல வருந்துகிறோம்னு மெசேஜ் அனுப்புவான். அன்னிக்கு டெய்லர் யாருக்கு போன் பண்ணுவார்? உனக்கா? ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு ஒரு மெஷின் பேசும், அதுக்குத்தான் பண்ணணும். மூணு மாசம் இலவசம்னு அதுகிட்டப் போய்ச் சொல்லச் சொல்லு பார்ப்போம்."

"...உனக்கு வெக்கமா இல்லையான்னு கேக்க மாட்டேன். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான். போன வாரமே போட்டிருக்கே. சின்னவகிட்ட சொல்லியிருப்பே. சின்னவ எங்க வீட்டுக்காரிகிட்ட மூச்சு விடலையா? சமையல்ல உப்பு கூடினாக்கூட சொல்லிக்குவாங்களே ரெண்டு பேரும்... என்ன?"

"என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

அவர் காதை அடைத்திருந்த விரலை எடுத்தார். மடியிலிருந்த உறையைப் பார்த்தார். மனைவி காலையில் தேடித் தேடி எடுத்து, நகல்களை அடுக்கி, மழை வந்தால் நனையாமல் இருக்கட்டும் என்று இந்த உறையில் போட்டுக் கொடுத்திருந்தாள். சட்டையையும் அவளே இஸ்திரி போட்டாள். வாசல்வரை வந்து, 'கவுன்டர்ல கோபப்படாம பேசுங்க' என்றாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"..."

"தெரியும்னா... சின்னவ சொல்லித் தெரியுமா?... இல்ல? அப்ப?... அவளா? அவளா உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னா?"

"ம்."

"ம்... சொல்லு, கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"ஆமா. விசிட்டிங் கார்டுல அவ நம்பரைத்தான் போட்டேன். பொம்பளைக் குரல்னா கொஞ்சம் மரியாதையா பேசுவாங்கன்னு... ஆமா, மரியாதையாத்தான் பேசினாங்க. எனக்குத் தெரியாதா? நீ வயரை அறுத்துட்டுப் போவே, நான் ஏணியைத் தூக்கிட்டு ஓடுவேன், திட்டு வாங்கறது அவதான். பரீட்சை நேரத்துல நெட் போச்சுன்னு ஒருத்தி சாபமே விட்டா. அப்பக்கூட இவ 'அஞ்சு நிமிஷத்துல வந்துடும்மா'ன்னு... எனக்குத் தெரியும். தெரியும்னு சொல்றேன்ல."

"...அழுதாளா? சின்னவகிட்டயா? எப்ப?"

"என்கிட்ட அழல."

"...உன் மேல தப்பு இல்ல. இந்தச் சண்டையை யாராவது ஒருத்தர் நிறுத்தினாத்தான் இன்னொருத்தர் நிறுத்துவாங்கன்னு நினைச்சிருக்கா. நான் நிறுத்த மாட்டேன்னு தெரிஞ்சு உன்னை நிறுத்தியிருக்கா. சரிதான். அவ கணக்கு தப்பினதில்ல."

கவுன்டரிலிருந்த பெண் ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் அவருடைய கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, மெல்லத் தோளைத் தொட்டார்.

"ஒரு நிமிஷம் சகலை... இல்ல சார், நீங்க போங்க. என்கிட்ட ஒரு பேப்பர் குறையுது. போங்க, பரவாயில்ல... ஆங், சொல்லு. இல்ல, இங்க ஒருத்தர். டோக்கன். அதை விடு."

"எனக்கா? எனக்கு என்ன வேலை?... சும்மா சுத்தி வளைக்காத, நேரா சொல்லு."

"..."

"அறுக்கிற வேலை."

"...இல்ல, கேட்டுட்டேன். தொங்கு வயரை இறக்கற டீம். நல்ல பேரு. அதுக்கு ஏன் நான்? அறுக்கறதுக்கு ஆளா இல்ல?... ம். ம். எந்த வயர் எங்கேர்ந்து எங்க போகுதுன்னு நமக்குத்தான் தெரியும். கரெக்ட்தான். நாமதான போட்டோம். தெரியாதவன் ஏறினா கரண்ட் வயரையும் சேர்த்து அறுத்துட்டு விழுந்து வைப்பான்... எத்தனை நாள் வேலை?... அதுக்கப்புறம்?... பார்க்கலாம்னா சொன்னாங்க. பார்க்கலாம்னா தெரியும் எனக்கு. நானும் என் ஆளுங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

அவர் எழுந்தார். வரிசை முழுதும் ஆடியது. புகைப்படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வெளிக்கதவின் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். எதிரே ஒரு கம்பத்தில் யாருடையதோ வயர்ச் சுருள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கிளிப் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பழக்க தோஷத்தில் மனம் ஒரு கணம் அதைக் கடிந்துகொண்டது.

"சகலை, ஒரே ஒரு உதவி. பண்ணுவியா?... அவ சொல்லித்தான் நீ கையெழுத்துப் போட்டேன்னு என்கிட்ட சொன்னியே, அதைச் சொல்லலன்னு வச்சுக்கோ. சின்னவகிட்டயும் சொல்லாத. சொன்னா நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அங்க போயிடும்... இல்ல, கோபம் இல்ல. கோபப்பட்டா நல்லா இருக்கும், வரல. வீடு பத்தல, மனுவை வாங்க மாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லிக்கிறேன். அவ 'அப்படியா'ம்பா. 'போகட்டும், விடுங்க'ம்பா. அவளுக்கு அது போதும். எனக்கும் போதும்."

"...ஆமா. ஆமா, கேக்குது. நீ ஏன் அழற? மீட்டிங்ல இருக்கே, எல்லாரும் பார்ப்பாங்க. கண்ணைத் துடை."

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?... அவ்வளவு சீக்கிரமா. சரி. எங்கேர்ந்து ஆரம்பிக்கறாங்க?... வேணாம், மருந்துக்கடை முக்குலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு. என் தெருவைக் கடைசியா வச்சுக்கலாம். அதைக்கூட சூப்பர்வைசர் பண்ண முடியாதா?... சரி."

"ஏணி அவங்க தருவாங்களா, நான் கொண்டுவரணுமா?"

"...கொண்டு வர்றேன். வச்சிடுறேன்."